சூளைக்குள் நீளும் கை: ராக்கு கலங்களும் செம்பின் நிறமும்

என் மேசையில் ஒரு சாண் உயர ஜாடி ஒன்று இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இயங்கும் சிறிய மண்கலக் கூடத்தில், சூளையிலிருந்து வெளியே வந்த அன்றே அதை வாங்கினேன். அன்று அதன் தோள் மயில்கழுத்து நீலம். வயிறு, புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடத்தின் நிறம். இரண்டுக்கும் நடுவே கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பட்டை. நான்கு வருடம் ஆயிற்று. நீலம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. அடிவிளிம்பில் பாசி படர்ந்ததுபோல் பச்சை ஏறியிருக்கிறது. அதில் நான் தண்ணீர் ஊற்றியதில்லை; வெயிலில் வைத்ததில்லை. சென்னையின் காற்று பட்டதுதான் அது கண்ட ஒரே உபத்திரவம்.

செய்தவரிடம் போனில் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்திருந்தேன். “நிறம் எங்கயும் போகலைங்க. செம்பு இன்னும் வேலை செஞ்சிட்டிருக்கு, அவ்வளவுதான்” என்றார்.

விற்றவர் சொல்லும் சமாதானம் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். ராக்கு கலங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, விஷயத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று புரிந்தது. பதினாறாம் நூற்றாண்டுக் கியோட்டோவில் தேநீர்க் கிண்ணத்துக்கு வந்த பெயர் அது. தண்ணீர்கூட ஊற்றிவைக்க முடியாத இந்தச் செம்பு ஜாடிக்கு அதே பெயர் எப்படி வந்தது? அந்த நீண்ட வழியில் எது மாறியது, எது மாறவில்லை?

ஒரு சூளை நாள்

வழக்கமான சூளையில் தீ முழுமையடைந்த பிறகு குயவருக்கு வேலை இல்லை. எரித்து முடித்து, ஆறவிட்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ பிரிப்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் கலம் விரிசல் விடும். ராக்கு இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. கலம் தணலாக இருக்கும்போதே சூளையைத் திறந்து, நீண்ட இடுக்கியால் கவ்வி வெளியே எடுப்பதுதான் அதன் அடிப்படை.

நான் பார்த்த சூளை ஒரு பழைய எண்ணெய் டிரம். உட்சுவரில் வெப்பம் தாங்கும் செராமிக் பஞ்சு. உச்சியில் புகை போக உள்ளங்கை அகல ஓட்டை. பக்கவாட்டில் கேஸ் பர்னர். டிரம்முக்கு அடி கிடையாது. கிணற்றுக் கப்பியில் கயிறு போட்டு அப்படியே மேலே தூக்கிவிடலாம். கலங்கள் செங்கல் மேடைமேல் நிற்கும், டிரம் அவற்றின்மேல் கவிழ்ந்திருக்கும்.

இந்த அதிர்ச்சியை எல்லா மண்ணும் தாங்காது. களிமண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 573 டிகிரி செல்சியஸில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். சூடேறும்போது சட்டென்று விரியும், ஆறும்போது சட்டென்று சுருங்கும். மெதுவாகச் சுடும் சூளையில் கலம் அந்தக் கட்டத்தை நிதானமாகத் தாண்டும். ராக்குவில் சில நொடிகளில் தாண்டவேண்டும். அதனால் ஏற்கெனவே சுட்ட மண்ணை இடித்துச் சலித்து, பச்சை மண்ணோடு தாராளமாகக் கலக்கிறார்கள். கலம் சொரசொரப்பாகவும் துளைகள் மிகுந்ததாகவும் இருக்கும். அந்தத் துளைகளே விரிசல் ஓடாமல் தடுக்கும். முதலில் 950 டிகிரி வாக்கில் ஒருமுறை சுட்டு, பிறகு பூச்சு.

என் ஜாடிக்குப் பூசியது வெளிறிய பச்சைச் சேறு போன்ற ஒரு கலவை: ஒன்பது பங்கு செம்புக் கார்பனேட், ஒரு பங்கு ஃபிரிட். ஃபிரிட் என்பது வெங்காரமும் மணலும் சேர்த்து உருக்கி, கண்ணாடியாக்கி, மறுபடி அரைத்த தூள். பொற்கொல்லர் பற்றவைக்கும்போது தூவும் அதே வெங்காரம்தான். பொருளைக் குறைந்த சூட்டில் இளகவைப்பது அதன் குணம். வெங்காரம் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால்தான் இப்படிக் கண்ணாடிக்குள் பூட்டிவைக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு மட்டுமே கண்ணாடி என்பதால் இந்தப் பூச்சு முழுக்க உருகாது. கலத்தின்மேல் செம்பை ஒட்டவைக்கும் பசைபோல மட்டும் செயல்படும். மினுமினுப்பில்லாத இந்த வகைக்கு ‘காப்பர் மேட்’ என்று பெயர்.

உருகிக் காட்டாத பூச்சு எப்போது தயார் என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் பளபளப்புப் பூச்சிட்ட ஒரு சின்னக் கிண்ணத்தைச் சாட்சிக்கு வைத்திருந்தார். உச்சி ஓட்டை வழியே அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் அதன் பூச்சு கொப்பளித்தது. பிறகு ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியானது. கடைசியில் மழைத்தண்ணீர் நின்ற தரைபோல் வழவழவென்று மின்னியது. வெப்பமானி 980ஐத் தொட்டிருந்தது.

“சார், தள்ளி நில்லுங்க. செருப்பு ரப்பரா?” என்று கேட்டார், கயிறு பிடித்திருந்த உள்ளூர்ப் பையன். ரப்பர்தான். இரண்டடி பின்னால் போனேன்.

பர்னர் அணைந்தது. டிரம் மேலே போனது. பட்டப்பகலில் ஜாடி விளக்குபோல் எரிந்தது. இடுக்கி கவ்வியது. நான்கே எட்டு. மரத்தூளும் முந்திரிச் சருகும் கொட்டியிருந்த தகரத் தொட்டிக்குள் அது இறங்கியதும் ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. மூடி விழுந்தது. விளிம்பைச் சுற்றி ஈரச் சாக்கு. புகை மஞ்சளாகக் கசிந்தது. இரண்டு நிமிடம் கழித்து மூடியை ஒரு விரற்கடை தூக்கி, ஒரு நொடியில் மறுபடி அழுத்தினார். “கொட்டாவி விடட்டும்” என்றார். அந்த ஒரு வாய்க் காற்றில் உள்ளே ‘பக்’கென்று தீ பிடித்து அடங்கும் சத்தம் கேட்டது.

கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோதுதான் நான் எதிர்பாராதது நடந்தது. ஜாடி முழுக்கச் செம்பாக இருந்தது, ஆனால் இன்னும் சூடு. காற்றுப் பட்டதும் தோளில் நிறம் நகரத் தொடங்கியது. செம்பு ஆரஞ்சானது, ஆரஞ்சு ஊதாவானது, ஊதாவை நீலம் தின்றுகொண்டே போனது. அவர் கையில் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில். எங்கே நிற்கவேண்டுமோ அங்கே பீய்ச்சினார். ‘ஸ்ஸ்’ என்ற இடத்தில் நிறம் நின்றது. தெளிக்காத இடத்தில் அது இன்னும் கொஞ்சதூரம் போய்த் தானே ஓய்ந்தது. அன்று சுட்ட ஆறு கலங்களில் ஒன்று தண்ணீர் பட்டதும் மெல்லிய மணியோசையோடு விரிசல் விட்டது. யாரும் திடுக்கிடவில்லை.

கியோட்டோ: செம்பை விலக்கிய கிண்ணம்

ராக்கு என்ற ஜப்பானியச் சொல்லுக்குச் சுகம், இளைப்பாறுதல், இன்பம் என்றெல்லாம் பொருள். கூடத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் அதை ‘ராகு சூளை’ ஆக்கிவிட்டார்கள். கிரகத்துக்கும் இதற்கும் உறவில்லை. தொடக்கத்தில் அது ஒரு தொழில்நுட்பத்தின் பெயரும் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். 1589இல் மறைந்த சோஜிரோ என்ற கியோட்டோக் கைவினைஞர் அக்குடும்பத்தின் முதல் தலைமுறை. அவர் தந்தை அமெயா சீனாவிலிருந்து வந்தவர், அங்கிருந்து மூவண்ணக் கலங்கள் செய்யும் முறையைக் கொண்டுவந்தவர் என்று அக்குடும்ப வரலாறு சொல்கிறது. மூவண்ணத்தில் பச்சையைத் தருவது செம்பு. சோஜிரோ 1574இல் செய்து தேதி பொறித்த ஒரு சிங்க உருவம் இன்றும் இருக்கிறது. வண்ணப் பூச்சில் தேர்ந்த கைதான் அது.

அந்தக் கையிடம் வேறொன்றைக் கேட்டவர் சென் னோ ரிக்யூ (1522–1591). ஜப்பானியத் தேநீர்ச் சடங்கை வறுமையின் அழகுக்குத் திருப்பிய ஆசான். அவருக்கு வேண்டியது சக்கரத்தில் சுற்றாமல் உள்ளங்கையில் பிடித்த கிண்ணம். படமில்லை, வண்ண விளையாட்டில்லை. கருப்பு, அல்லது சிவப்பு. தேநீரின் பச்சை மட்டும் தெரிந்தால் போதும். செம்புப் பச்சை தெரிந்த குடும்பம் அதை ஒதுக்கிவைத்தபோதுதான் ராக்கு பிறந்தது. இந்தக் கதையின் முதல் முரண் இது.

கருப்புக் கிண்ணத்தின் பூச்சு, கமோ ஆற்றிலிருந்து எடுத்த கருங்கற்களை அரைத்தது. கிண்ணங்களை ஒவ்வொன்றாகத்தான் சுடுவார்கள். சிறிய கரிச் சூளை, அதற்குத் துருத்தி. பூச்சு உருகியதும் கிண்ணத்தை இடுக்கியால் பிடித்து வெளியே எடுப்பார்கள். அந்த இடுக்கியின் வடு பல கிண்ணங்களின் பக்கவாட்டில் அப்படியே பதிந்திருக்கும். தேநீர் ரசிகர்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள். வெளியே எடுப்பது அவசரத்துக்காக அல்ல. உருகிய பூச்சு சட்டென்று குளிர்ந்தால்தான் அந்த ஆழ்ந்த கருப்பு நிற்கும்; சூளைக்குள்ளேயே மெல்ல ஆறினால் பழுப்புக்குச் சாயும். கருப்பு ராக்குவிலும் நிறத்தை முடிவுசெய்வது, எப்போது வெளியே எடுத்தோம் என்பதுதான். மற்றபடி அங்கே மரத்தூள் இல்லை, புகைத்தொட்டி இல்லை, செம்பு இல்லை.

அன்றைய தேநீர் நாட்குறிப்புகளில் இக்கிண்ணங்களுக்கு வேறு பெயரும் உண்டு: ‘இமா-யாகி’, அதாவது இப்போதைய கலம், இன்று சுட்டது. சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த பழங்கலங்களைப் போற்றிய சபைகளில், கண்ணெதிரே சுட்டுத் தந்த கிண்ணத்துக்கு வந்த பெயர். ‘ராக்கு’ என்ற பெயர், அந்நாளைய ஆட்சியாளர் டொயொடோமி ஹிதேயோஷி கட்டிய ஜுராக்குதாய் மாளிகையோடு சேர்ந்தது. அந்த எழுத்துப் பொறித்த முத்திரையை அவரே குடும்பத்துக்கு அளித்தார் என்பது மரபு. இதே ஹிதேயோஷிதான் பொன் தகடு போர்த்திய தேநீர் அறை ஒன்றையும் செய்துவைத்திருந்தவர். 1591இல் அவர் ஆணைப்படி ரிக்யூ தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மாளிகை 1595இல் இடிக்கப்பட்டது. கிண்ணம் மிஞ்சியது. 2019 முதல் அக்குடும்பத்தின் பதினாறாம் தலைமுறை பொறுப்பில் இருக்கிறது.

கலிபோர்னியா: உதிர்ந்த இலைகள்

1911இல் டோக்கியோவில் ஒரு விருந்து. கலைஞர்கள் கூடியிருந்தார்கள். ஏற்கெனவே சுட்ட கலங்களைக் கொடுத்து, விரும்பியதை வரையச் சொன்னார்கள். பூச்சிட்டு, அங்கேயே சிறிய சூளையில் வைத்து, சிறிதுநேரத்தில் தகதகவென்று வெளியே எடுத்துக் கையில் தந்தார்கள். வரைந்தவர்களில் ஒருவர் 24 வயது ஆங்கிலேயர் பெர்னார்ட் லீச். செதுக்கோவியம் கற்பிக்க ஜப்பான் வந்தவர். அன்று அவர் வாழ்க்கை திசை மாறியது, குயவரானார். 1920இல் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடாவோடு இங்கிலாந்தின் செயிண்ட் ஐவ்ஸ் ஊரில் கூடம் அமைத்தார். அங்கு வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு ராக்கு சூளையை வேடிக்கை காட்டியதும் உண்டு. 1940இல் வெளிவந்த அவருடைய ‘எ பாட்டர்ஸ் புக்’ உலகெங்கும் கூடங்களில் பாடப்புத்தகம்போல் புழங்கியது. ராக்கு மேற்குலகுக்குப் போனது அதன் பக்கங்கள் வழியே.

இருபது வருடம் கழித்து அந்தப் பக்கங்களை விரித்துவைத்துக்கொண்டு ஒருவர் சூளை மூட்டினார். பால் சோல்ட்னர் (1921–2011), கலிபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரில் ஸ்கிரிப்ஸ் கல்லூரி ஆசிரியர். 1960இல் சாண்டா பார்பராவில் நடந்த ஒரு கைவினைத் திருவிழாவில் மக்கள் முன்னால் செய்துகாட்டக் கூப்பிட்டிருந்தார்கள். புத்தகத்தில் இருந்தபடி செய்தார். வந்த கலங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. நிறம் அப்பட்டமாக இருந்தது. சூடான கலம் ஒன்றைப் பக்கத்தில் உதிர்ந்துகிடந்த மிளகு மரத்து இலைகளில் உருட்டினார். (தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது, நம் மிளகுக்கொடிக்கு உறவில்லை.) இலைகள் பற்றிப் புகைந்தன. புகை பூச்சின் வெடிப்புகளுக்குள் கருங்கோடாக இறங்கியது. பூச்சில்லாத மண் கறுத்தது. தொடர்ந்து சோதித்தார். புகைத்தொட்டி, மூடி, மரத்தூள் எல்லாம் அதன் பின்னால் வந்தவை. அவருக்கு முன்பே ஹால் ரீகர் போன்றவர்கள் அமெரிக்காவில் ராக்கு சுட்டிருக்கிறார்கள். ஆனால் இன்று உலகெங்கும் ராக்கு என்ற பெயரில் கூடங்களில் நடப்பது, சாண்டா பார்பராவில் அந்த அதிருப்தியிலிருந்து பிறந்த முறைதான். 1972இல் ராபர்ட் பீபன்பர்க் எழுதிய ‘ராக்கு பாட்டரி’ போன்ற நூல்கள் அதைப் பரப்பின.

புகைத்தொட்டி வந்ததும் செம்பு திரும்பி வந்தது. சோஜிரோ ஒதுக்கிய உலோகத்துக்கு அங்கேதான் புதிய வேலை கிடைத்தது. பளபளக்கும் செம்பு ஜாடிகள் சந்தைகளில் விற்றன. நேர்மையாகச் சொன்னால், அவை ரிக்யூவின் கருப்புக் கிண்ணத்தைவிட ஹிதேயோஷியின் பொன் அறைக்கே நெருக்கமானவை.

ராக்கு என்ற பெயர் இப்படிப் புழங்கியது ஜப்பானில் கோபத்தைக் கிளப்பியது. 1970களின் இறுதியில் கியோட்டோவில் நடந்த உலகக் கைவினை மாநாட்டில் சோல்ட்னரும் இன்னொரு அமெரிக்கக் குயவர் ரிக் ஹர்ஷும் ஒருபுறம், ராக்கு குடும்பத்தின் பதினான்காம் தலைமுறை மறுபுறம் என்று விவாதம் சூடேறியது. ஒரு குடும்பத்தின் பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. நியாயம் குடும்பத்தின் பக்கம் இருப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும். பூச்சு வேறு, வெப்பம் வேறு, நோக்கம் வேறு. இருந்தும் கேள்வி அத்தோடு முடிவதில்லை. அதற்குச் செம்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கவேண்டும்.

புளியும் புகையும்

செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். மேலே படிந்திருக்கும் ஆக்சைடைப் புளியின் அமிலம் கரைத்து எடுத்துவிடும். அடியிலிருந்த உலோகம் தெரியும். ஒரு வாரத்தில் மறுபடி மங்கும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் செம்போடு சேர்ந்துவிட்டது என்று பொருள். செம்பு ராக்குவில் நடப்பதும் இதே துலக்கல்தான். அங்கே புளிக்குப் பதில் புகை.

கூடத்தில் பூசிய பச்சைத் தூள் செம்புக் கார்பனேட். மயில்துத்தக் கரைசலில் சலவைச் சோடாவைச் சேர்த்தால் அடியில் படிவது அதுதான். சில நூறு டிகிரியிலேயே அது கரியமிலவாயுவை உதறிவிட்டுக் கருப்புச் செம்பு ஆக்சைடாகிவிடும். காற்றோட்டமுள்ள சூளையில் 980 டிகிரிவரை அது ஆக்சைடாகவே இருக்கும். அதை அங்கேயே ஆறவிட்டால், கண்ணாடி மிகுந்த பூச்சாக இருந்தால் பச்சை அல்லது நீலப்பச்சை கிடைக்கும். காப்பர் மேட்டாக இருந்தால் கருப்புத் தூசு.

தகரத் தொட்டிக்குள் போனதும் நிலைமை மாறுகிறது. மரத்தூள் எரியக் காற்று வேண்டும். மூடி அதைத் தடுக்கிறது. பாதி எரிந்த மரத்தூளிலிருந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் எழும்புகின்றன. ஆக்சிஜனுக்கு ஏங்கும் வாயுக்கள் அவை. காற்றில் கிடைக்காததைக் கலத்தின் பூச்சிலிருந்து பிடுங்குகின்றன. கருப்பு ஆக்சைடு சிவப்பு ஆக்சைடாகிறது. அதிலும் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் போனால் செம்பு உலோகமே வெளிப்படுகிறது. கலம் நன்றாகச் சூடாக இருந்தால்தான் இந்தப் பறிப்பு நடக்கும். எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியும்படி சிவக்கத் தொடங்குவது ஏறத்தாழ 525 டிகிரியில். அந்தச் சிவப்பு அணையும்முன் தொட்டிக்குள் இறக்கவேண்டும் என்பது குயவர்களின் கணக்கு. நான்கே எட்டில் தொட்டியை வைத்ததற்குக் காரணம் அதுதான்.

மீதி வேலை காற்றுடையது. மூடியைத் திறந்தபோது புகுந்த காற்று, அப்போதுதான் பிறந்த செம்பின்மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலத்தைப் போர்த்தியது. தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அந்த அளவில் தொடங்கும் படலம். இவ்வளவு மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் அடிப்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்களை அழித்துச் சில நிறங்களைத் தூக்கிவிடும். மழை நாளில் சாலையில் சிந்திய டீசலில் வானவில் தெரிவது இதனால்தான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். நான் பார்த்த நிற ஓட்டம் ஒரு படலம் வளர்வதன் ஓட்டம். தண்ணீர் பீய்ச்சியது அந்த வளர்ச்சியை ஒரு கட்டத்தில் நிறுத்த.

அந்த நீலத்தைத் தரும் பொருள் எதுவும் ஜாடியில் இல்லை. கோபால்ட் இல்லை, நீலச் சாயம் இல்லை. படலம் இன்ன தடிமனை எட்டிய அந்த நொடியைத்தான் நான் நீலமாகப் பார்த்தேன்.

செம்பிடமிருந்து இதைக் கறந்தவர்களில் ராக்குக்காரர்கள் முதல்வர்கள் அல்லர். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஈராக்கில் அப்பாசியர் காலக் குயவர்கள் செம்பும் வெள்ளியும் கலந்த குழம்பால் கலங்களில் வரைந்து, புகைச் சூளையில் மறுமுறை சுட்டுப் பொன்மினுக்கம் வரவழைத்தார்கள். அந்நுட்பம் ஸ்பெயின் வழியாக இத்தாலியின் டெருட்டா, குப்பியோ ஊர்கள்வரை போனது. சீனத்தில் மிங் பேரரசர் ஷுவாண்ட காலத்தில் (1426–1435) செம்பிலிருந்து ரத்தச் சிவப்பு வாங்கினார்கள். இவர்கள் எல்லோரும் மூடிய சூளைக்குள் பல மணி நேரம் காற்றைக் கட்டுப்படுத்தி அதைச் செய்தார்கள். நிறத்தைக் கண்ணாடிக்குள் பூட்டினார்கள். ராக்குக் குயவர் கால் மணி நேரத்தில், திறந்த வெளியில், மேல்தோலில் மட்டும் செய்கிறார். விரைவுக்குக் கொடுக்கும் விலை, அது பூட்டப்படாமல் நிற்பது.

நம் மண்ணில் புகை

காற்றைத் தடுத்து நிறத்தை மாற்றும் அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆதிச்சநல்லூர், கொடுமணல், அரிக்கமேடு, கீழடி என எங்கு தோண்டினாலும் கிடைக்கும் கருப்பு-சிவப்பு மண்கலம் அந்த அறிவின் சாட்சி. உட்புறமும் வாய்விளிம்பும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. கலத்தைக் கவிழ்த்து அடுக்கி, வாய்ப்பகுதி உமியிலோ சாம்பலிலோ புதையும்படி சுட்டிருப்பார்கள் என்பது ஒரு விளக்கம். இருமுறை சுட்டார்கள் என்பது இன்னொன்று. எப்படியாயினும் காற்றுப் பட்ட மண்ணில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்தது. காற்றுப் படாத மண் கரி ஏறிக் கறுத்தது. செம்பு அங்கே இல்லை. ஆனால் ஒரே கலத்தில் காற்றுக்கும் புகைக்கும் எல்லை பிரித்துக்கொடுக்கும் கை அங்கே இருந்திருக்கிறது. நான் வாங்கிய ஜாடியின் பூச்சில்லாத அடிப்பகுதி அந்தப் பானையின் உட்புறத்தைப் போலவே கறுத்திருக்கிறது.

புதுச்சேரிக்கு ராக்கு வந்தது வேறு வழியில். ஜப்பான் சென்று லீச், ஹமாடா வட்டத்தைச் சந்தித்துத் திரும்பிய சர்தார் குர்சரண் சிங் 1952இல் தில்லி புளூ பாட்டரியைத் தொடங்கினார். இந்தியக் கூடக் கலங்களின் கதை அவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். தெற்கே, 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை நிறுவினார்கள். ஸ்மித் ஜப்பானில் பயின்றவர், மீக்கர் கலிபோர்னியாவில் பயின்றவர். ராக்குவின் இரண்டு தாய்நாடுகளும் புதுச்சேரித் தெருவொன்றில் சந்தித்ததுபோல் ஆயிற்று. அவர்கள் வேலை முதன்மையாக உயர்வெப்ப விறகுச் சூளையைச் சார்ந்தது, ராக்கு அல்ல. ஆனால் அங்கே பயின்றவர்களும் அவர்களைப் பார்த்து வந்தவர்களுமாகச் சுற்றுவட்டாரத்தில் கூடங்கள் பெருகின. கையில் ஒரு டிரம், ஒரு பர்னர், ஒரு மூட்டை மரத்தூள் இருந்தால் ராக்கு சூளை தயார். நாட்கணக்கில் விறகு எரிக்கவேண்டாம் என்பதால் தனியாள் கூடங்களுக்கு அது பொருந்தியது.

முடியாத சூளை

ஜாடிக்குத் திரும்புகிறேன். குயவர் நிறுத்திவைத்த படலம் உண்மையில் நிற்கவில்லை. சூடு இருந்தபோது நொடிகளில் வளர்ந்தது, அறை வெப்பத்தில் மாதங்களில் வளர்கிறது. நீலத்தைத் தாண்டிப் பழுப்புக்குப் போகிறது. ஈரமும் கரியமிலவாயுவும் சேர்ந்தால் பச்சையாகிறது; கடலோர ஊரின் உப்புக் காற்று அதை விரட்டுகிறது. காப்பர் மேட்டில் செம்பைக் காக்கக் கண்ணாடி போதாததால் அதுதான் முதலில் மாறும். மேலே லாக்கரோ மெழுகோ பூசினால் தள்ளிப்போகும், தவிராது. அந்தப் பச்சைக்கு நம்மிடம் பழைய பெயர் உண்டு: களிம்பு. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தை விளக்க இதைத்தான் உவமையாக எடுத்தது. வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடப் பிறந்தது என்பது அந்த உவமையின் சாரம். வேதியியல் இதை வேறு சொற்களில் ஒத்துக்கொள்ளும்: ஆக்சிஜனோடு சேர்வதே செம்பின் இயல்பு, பளபளப்புத்தான் இடையில் வந்தது.

இதனால்தான் இந்த ஜாடியில் தண்ணீரோ உணவோ வைக்கக்கூடாது. மண் நுண்துளை மிகுந்தது, நீர் கசியும். செம்போ புளிப்புப் பட்டால் கரையும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். அதே காரணம்தான் இங்கும். செய்பவருக்கும் எச்சரிக்கை உண்டு. செம்புத் தூளையும் செராமிக் பஞ்சின் துகளையும் மரத்தூள் புகையையும் சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆகாது; முகக்கவசமில்லாமல் இந்த அழகின் பக்கத்தில் நிற்கக்கூடாது.

பயன் போயிற்று. எளிமை போயிற்று. பூச்சும் புகையும் மாறின. அப்படியானால் சோஜிரோவின் பெயரை இது எந்த உரிமையில் சுமக்கிறது? குடும்பப் பெயர் என்ற முறையில் உரிமை இல்லைதான். ஆனால் கருப்புக் கிண்ணத்தின் பக்கவாட்டில் பதிந்த இடுக்கி வடுவையும், என் ஜாடியின் தோளில் தண்ணீர் பட்டு நின்ற நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் நடந்தது ஒன்றே. தீ தன் வேலையை முடிக்கும்முன் ஒரு மனிதக் கை உள்ளே நீண்டு, ‘இங்கே போதும்’ என்று தேர்ந்தெடுத்திருக்கிறது. கியோட்டோவில் அந்தத் தேர்வு கருப்பாக உறைந்தது. கண்ணாடிக்குள் பூட்டிய நிறம் என்பதால் நானூறு வருடமாக அசையாமல் இருக்கிறது. செம்பில் அது உறையவில்லை. ‘இப்போதைய கலம்’ என்ற அந்தப் பழைய பெயர், அதைப் பெற்ற கிண்ணத்தைவிட இந்த ஜாடிக்கே பொருந்துகிறது. இன்று காலை இருந்த நிறம்தான் அதன் நிறம், நாளைக்கு வேறு.

மறுபடி சூளையில் வைத்துப் புகையூட்டினால் செம்பு திரும்ப வரும் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே நீலம் அதே இடத்தில் வராது. காற்று எந்தப் பக்கம் புகுமோ, யார் கண்டது. “கொண்டாங்க, இன்னொரு தடவை போட்டுத் தரேன்” என்றார். நான் இன்னும் எடுத்துப் போகவில்லை. அடிவிளிம்புப் பச்சை போன மாதத்தைவிட ஒரு நெல்லளவு மேலே ஏறியிருக்கிறது. அது தோள்வரை போகிறதா பார்க்கவேண்டும்.